ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லையா? முதலில் எதையும் அழுத்தாதீர்கள்

அண்ணியின் போன் வந்தபோது இரவு பத்தரை இருக்கும். தீபாவளிக்கு இரண்டே நாள்.

"தம்பி, டிஸ்க்க சொருகினா ஃபார்மட் பண்ணணும்னு கேக்குது. பண்ணிடவா?"

"வேணாம் அண்ணி. கேன்சல் குடுத்துட்டு வயரக் கழட்டி வைங்க. நாளைக்கு நான் வர்றேன்."

அந்த டிஸ்க்கில் 2009இல் நடந்த அவருடைய கல்யாணப் படங்கள் இருந்தன. பிள்ளைகளுக்குக் காது குத்திய படங்கள் இருந்தன. என் அப்பா கூடத்தில் உட்கார்ந்து பேரனுக்குக் கதை சொல்லும் பதினோரு நிமிட வீடியோவும் இருந்தது. அப்பா இப்போது இல்லை. வேறு எங்கும் பிரதியும் இல்லை. மறுநாள் வேலை முடிந்து ஈசூனிலிருந்து செங்காங் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான்: நான் போய்ச் சேரும்வரை வீட்டில் யாரும் அதைத் திரும்பச் சொருகிப் பார்க்கக் கூடாது.

வெளி ஹார்ட் டிஸ்க்கும் தம்டிரைவும் (பென்டிரைவ் என்றும் சொல்வார்கள்) பழுதாகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும். கணினி படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாடி, நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். எந்தக் குடும்பம் எந்த வீட்டில் இருக்கிறது, எந்த வீடு காலி என்பதெல்லாம் ஒரே ஒரு நோட்டில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தபால்காரர் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் மேலே போக முடியும். ஒருநாள் அந்த நோட்டு மழையில் நனைந்து மை கரைந்துவிட்டது. வீடுகள் அப்படியே இருக்கின்றன. உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டும் டிவி பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் கீழே நிற்பவருக்கு யார் எங்கே என்று தெரியாது. அவரைக் கேட்டால் "இந்த புளோக்கில் யாரும் இல்லை" என்றுதான் சொல்வார்.

உங்கள் டிஸ்க்கிலும் இப்படி ஒரு நோட்டு உண்டு. அதற்குக் கோப்பு முறைமை, அதாவது ஃபைல் சிஸ்டம் என்று பெயர். ஒரு படத்தின் பெயர், அளவு, அதன் துண்டுகள் டிஸ்க்கில் எந்தெந்த இடங்களில் கிடக்கின்றன, எந்த இடங்கள் காலி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கணினி கேட்கும்போது பெரும்பாலும் நனைந்திருப்பது இந்த நோட்டு. படங்கள் அவற்றின் இடத்திலேயே இருக்கும்.

அப்படியானால் ஆபத்து எங்கே? புதிதாக ஒருவர் வந்து, நோட்டில் பெயர் இல்லாததால் எட்டாம் மாடி வீடு காலி என்று நினைத்து, வேறொரு குடும்பத்துக்குச் சாவி கொடுத்துவிட்டால் பழைய குடும்பத்துக்கு இடம் போய்விடும். கணினி உலகில் இதற்கு ஓவர்ரைட் என்று பெயர். பழைய படம் கிடந்த இடத்தில் புதிதாக ஒன்று எழுதப்பட்டுவிட்டால் அந்தப் படத்தை எந்த மென்பொருளாலும் எந்த நிபுணராலும் திருப்பித் தர முடியாது. ஆகவே பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி வைப்பதும் எழுதுவதுதான். மீட்ட படங்களை அதிலேயே சேமிப்பதும் எழுதுவதுதான். இந்த இரண்டு தவறுகளையும் நல்ல விவரமானவர்களே செய்து நான் பார்த்திருக்கிறேன்.

ஃபார்மட்டிலும் இரண்டு வகை உண்டு. விரைவு ஃபார்மட், அதாவது குயிக் ஃபார்மட், நோட்டை மட்டும் கிழித்துவிட்டுப் புது நோட்டு போடும். முழு ஃபார்மட் அப்படியில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுவதையும் சுழியத்தால் நிரப்பிவிடுகிறது. முதல் வகையைத் தவறி அழுத்தியவருக்கு இன்னும் வழி இருக்கிறது. இரண்டாவதை முழுக்க ஓட விட்டவருக்கு இல்லை. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வகை டிஸ்க்காக இருந்தால் விரைவு ஃபார்மட்டும் ஆபத்துதான். அழித்த இடங்களை டிஸ்க்கே தன் பாட்டுக்குத் துடைத்துவிடும் டிரிம் என்ற ஏற்பாடு அதில் இருக்கலாம்.

சரி, நோட்டு ஏன் நனைகிறது?

அண்ணி வீட்டில் நடந்தது இதுதான். டிஸ்க்கை டிவியின் பின்னால் சொருகிப் பழைய வீடியோக்களைப் பார்த்திருக்கிறார்கள். தூங்கப் போகும்போது வழக்கம்போல் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டார்கள். நம் சிங்கப்பூரில் எல்லா பிளக்கிலும் சுவிட்ச் இருப்பதால் இது நமக்குக் கை தானாகச் செய்யும் வேலை. வீடியோ பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சில டிவிகள் படங்களுக்குச் சிறு முன்னோட்டம் தயாரித்து வைக்கும், எதுவரை பார்த்தீர்கள் என்று குறித்துக்கொள்ளும். அதையெல்லாம் நாம் சொருகிய டிஸ்க்கிலேயே எழுதும் டிவிகளும் உண்டு.

ஒரு கோப்பை எழுதுவது ஒரே காரியம் போலத் தெரியும். உண்மையில் அது மூன்று நான்கு காரியம். முதலில் தரவை வைக்க வேண்டும். அப்புறம் அந்த இடங்கள் இனி காலியில்லை என்று குறிக்க வேண்டும். துண்டுகள் எந்த வரிசையில் வருகின்றன என்று எழுத வேண்டும். கடைசியாகக் கோப்பின் பெயரைச் சேர்க்க வேண்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் மின்சாரம் போனால் நோட்டின் ஒரு பக்கம் சொல்வதும் மறு பக்கம் சொல்வதும் ஒத்துப்போகாது. போதாததற்கு, வேகத்துக்காகக் கணினி பல எழுத்துகளை நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதமாகத்தான் டிஸ்க்குக்கு அனுப்பும். திரையில் "முடிந்தது" என்று வந்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். இஜெக்ட் என்பதை அழுத்துவது இதற்காகத்தான்: "கையில் வைத்திருப்பதை எல்லாம் எழுதி முடி, நான் வயரை எடுக்கப் போகிறேன்" என்று சொல்வது. 2018இல் வந்த ஒரு விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு இந்தச் சேர்த்துவைக்கும் பழக்கம் இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. இருந்தாலும் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அதே கதைதான். மேக்கில் இஜெக்ட் செய்யாமல் எடுக்கவே கூடாது.

சில கோப்பு முறைமைகள் இந்த விபத்தைத் தாங்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், நோட்டில் கை வைப்பதற்கு முன் "இன்னதை மாற்றப் போகிறேன்" என்று தனிச் சீட்டில் எழுதிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால் அடுத்த முறை அந்தச் சீட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். அதற்கு ஜர்னல் என்று பெயர். மேக்கின் ஏபிஎஃப்எஸ் பழைய பக்கத்தைத் தொடாமல் புதுப் பக்கத்தில் எழுதி முடித்த பிறகே மாறும். ஆனால் நாம் கடையில் வாங்கும் பல தம்டிரைவுகளும் வெளி டிஸ்க்குகளும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. விண்டோஸ், மேக், டிவி, கேமரா என எல்லாவற்றிலும் ஓடும் என்பது அதன் பலம். ஜர்னல் கிடையாது என்பது அதன் பலவீனம். அண்ணியின் டிஸ்க்கும் எக்ஸ்ஃபேட்தான். எல்லாவற்றிலும் சொருகத் தோதான டிஸ்க்தான் இப்படித் திடீரென்று பிடுங்கினால் சீக்கிரம் கெடுகிறது. அதையே பிள்ளைகளின் படங்களுக்கு ஒரே இருப்பிடமாக வைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தீராத கவலை.

தம்டிரைவ் என்ற சொல்லே சிங்கப்பூரில் பிறந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். டிரெக் 2000 என்ற நம் ஊர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நடந்த செபிட் கண்காட்சியில் அந்தப் பெயரில்தான் அதை அறிமுகப்படுத்தியது. கட்டைவிரல் அளவு என்பதால் அந்தப் பெயர். இங்கே நாம் இன்றும் வேறு பெயர் சொல்வதில்லை.

நோட்டு நன்றாக இருந்து வீடே சேதமாவதும் உண்டு. அப்போது டிஸ்க் திறக்கும், பெயர்கள் எல்லாம் தெரியும், குறிப்பிட்ட படத்தைத் தொட்டால் மட்டும் கணினி நின்றுவிடும். அல்லது படம் பாதிதான் வரும். அண்ணியின் படங்களில் ஒன்று அப்படி இருந்தது. மணவறையின் மேல் தோரணம், இரண்டு பேர் முகம், மாலை வரை துல்லியம். தாலி கட்டும் கைகள் வரும் இடத்திலிருந்து கீழே முழுக்கச் சாம்பல் நிறம். இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு சிறு கட்டத்தின் வெளிச்சத்தையும் அது முழுதாக எழுதுவதில்லை. முந்தின கட்டத்தைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்றுதான் எழுதும். இடையில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின் வரும் கணக்கெல்லாம் தப்பாகிவிடும். சில சமயம் படத்தின் கீழ்ப்பாதி பச்சையாகவோ ஊதாவாகவோ நகர்ந்துபோய்த் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்தால் புரியாத குறிகளாக வருகிறது என்று பலர் டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். 1990களில் இங்கே தமிழில் தட்டச்சு செய்தவர்கள் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். கணினித் தமிழுக்காக 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியதற்கும் அவர்தான் முன்னின்றார். எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத்தான் தெரியும். கோப்பு கெடவில்லை. குறியேற்ற மாற்றி ஒன்றில் போட்டால் வரிக்கு வரி திரும்பி வரும். உங்கள் வீட்டிலும் தமிழாசிரியரோ கதை எழுதியவரோ இருந்திருந்தால், இதைத் தெரியாமல் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் காதைக் கொடுங்கள். சுழலும் வகை ஹார்ட் டிஸ்க்கில் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 சுற்று போலச் சுற்றும். படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருக்கும். டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அந்த முனை தன் இடத்தைத் தேடித் தவிக்கிறது என்று பொருள். உடனே வயரை எடுத்துவிடுங்கள். இந்த நிலையில் எந்த மென்பொருளும் வேண்டாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டக்கூடும்.

திறந்து பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். என் பெரியம்மா 1990களில் இங்கே ஒரு டிஸ்க் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்த்தவர். அந்த ஆண்டுகளில் உலகிலேயே அதிகமாக ஹார்ட் டிஸ்க் தயாரித்த நாடு சிங்கப்பூர்தான். தலை முதல் கால் வரை மூடிய உடை, கண் மட்டும்தான் வெளியே. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனால் உள்ளே விட மாட்டார்களாம். நெற்றியில் திருநீறு இருந்தாலும் வாசலிலேயே துடைத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். ஒரு துகள் தூசி அந்த முனைக்கு முன்னால் பாறை மாதிரி. அப்படிப்பட்ட பொருளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஸ்க்ரூடிரைவரால் திறப்பது, உள்ளே இருப்பதைக் கைவிடுவதற்குச் சமம்.

சத்தம் இயல்பாக இருந்தால் வயரை மாற்றிப் பாருங்கள். அகலமான தட்டை முனை கொண்ட யூஎஸ்பி வயர்கள் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில் சொருகாமல் நேராகக் கணினியில் சொருகுங்கள். யூஎஸ்பி 2 துளை 500 மில்லிஆம்பியரும் யூஎஸ்பி 3 துளை 900 மில்லிஆம்பியரும் தர வேண்டும் என்பது கணக்கு. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் அதை நாலு பேர் பங்கு போட்டால் டிஸ்க் பாதியில் மூச்சுத் திணறும்.

அப்புறம் விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். டிஸ்க் சரியான அளவோடு தெரிந்து, பக்கத்தில் "ரா" என்று இருந்தால் நோட்டுதான் கெட்டிருக்கிறது. நம்பிக்கைக்கு நிறைய இடம் உண்டு. அளவே தப்பாகத் தெரிந்தாலோ டிஸ்க்கே தெரியாவிட்டாலோ கோளாறு பொருளில் இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பைக் காட்டும். நீலமாக இருந்தால் பெரும்பாலும் நலம். மஞ்சளாக இருந்தால், பெரும்பாலும் படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளோ ஒதுக்கிவைக்கப்பட்ட பகுதிகளோ இருக்கின்றன என்று அர்த்தம். மஞ்சள் வந்த டிஸ்க் இன்னும் ஓடுகிறதே என்று நம்பி இருக்காதீர்கள். அன்றைக்கே நகல் எடுங்கள்.

நகல், அதுதான் முக்கியம். எல்லோரும் தேடிப் படிப்பது "செக்டிஸ்க் ஓட்டு" என்ற அறிவுரை. அது விண்டோஸிலேயே இருக்கும் பழுது பார்க்கும் கருவி. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போனாலும் அதே வேலைதான் நடக்கும். மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியின் ஃபர்ஸ்ட் எய்ட். இவை நல்ல கருவிகள்தான். ஆனால் இவற்றின் வேலை நோட்டை ஒழுங்காக்குவது, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது இல்லை. முரண்பாடு தெரிந்தால் சந்தேகமான வரியை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அப்படி அனாதையான துண்டுகளை ஃபவுண்ட் என்று ஆரம்பிக்கும் ஒரு மறைந்த ஃபோல்டரில், பெயர் இல்லாமல் எண்ணிட்டு வைக்கும். சாகப்போகிற டிஸ்க்கில் இதை ஓட்டினால் அந்த உழைப்பிலேயே டிஸ்க் நின்றுவிடவும் கூடும். ஆகவே முதலில் நகல், அந்த நகலின் மேல் பழுது பார்ப்பு. வரிசை மாறவே கூடாது.

டிஸ்க் திறக்கிறது என்றால் விலைமதிப்பில்லாத ஃபோல்டரை முதலில் நகலெடுங்கள். சினிமாவும் பாட்டும் பிறகு வரட்டும். திறக்கவில்லை என்றால் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு பிம்பமாக எடுக்க வேண்டும். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே எழுதப்பட்டது. சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே விட்டது என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். இதில் மூலத்தையும் நகலையும் மாற்றிப் போட்டுவிட்டால் எல்லாம் போச்சு, எனவே பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரை உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அண்ணி வீட்டில் நான் செய்ததும் இதுதான். அவர்கள் டிஸ்க் ஒரு டெராபைட். இரண்டு டெராபைட் புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். பிம்பம் எடுத்து முடிய இரவு முழுவதும் ஆனது. முறுக்கு சுட்டுக்கொண்டே அண்ணி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியை அந்தப் பிம்பத்தின் மேல் ஓட்டியபோது பெரும்பாலான ஃபோல்டர்கள் பெயரோடு வரிசையாக வந்தன. "கல்யாணம்" என்று பார்த்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பெயர் வராதவற்றுக்கு அதன் கூட்டாளியான போட்டோரெக். அது நோட்டைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளே இருப்பது ஜேபெக்கா வீடியோவா என்று அதன் முதல் சில பைட்டுகளை வைத்து அடையாளம் காணும். பெயர், தேதி, ஃபோல்டர் எதுவும் கிடைக்காது. ஒரே கோப்பின் துண்டுகள் வெவ்வேறு இடத்தில் சிதறியிருந்தால் சேர்க்கவும் அதற்குத் தெரியாது. அப்பாவின் வீடியோ பெயரோடு வந்த கூட்டத்தில் இருந்தது. பதினோரு நிமிடமும் ஓடியது.

தட்டும் சத்தம் வருகிற டிஸ்க்கோ கணினிக்கே தெரியாத டிஸ்க்கோ என்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். செலவு அதிகம். கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: உங்களிடம் அந்த அறை இருக்கிறதா, மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா, வேலையை ஆரம்பிக்கும் முன் விலையை எழுத்தில் தருவீர்களா. மழுப்பினால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முதல் ஆள் தப்பாகத் திறந்துவிட்டால் இரண்டாவது ஆளுக்கு வேலை இரட்டிப்பு.

தம்டிரைவில் இன்னொரு மோசம் உண்டு. நம்ப முடியாத விலையில் இரண்டு டெராபைட் என்று விற்பார்கள். உள்ளே இருப்பது 32 கிகாபைட்டாக இருக்கலாம், கணினியிடம் மட்டும் பொய் அளவைச் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் பழையதன் மேலேயே விழும், அல்லது எங்கும் போகாது. பெயர்கள் மட்டும் ஒழுங்காகத் தெரியும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற சோதனை மென்பொருளால் முழுக்க நிரப்பிப் படித்துப் பாருங்கள். நேரம் எடுக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

டிவிக்கென்று தனியாக ஒரு தம்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், அதில் நகல் மட்டும் இருக்கட்டும். டிவியில் நிகழ்ச்சி பதிவு செய்யும் வசதியை இயக்கும்போது அது டிஸ்க்கையே தன் முறைக்கு ஃபார்மட் செய்யக் கேட்கும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குறிப்பாகப் பிள்ளைகளுக்கும் பாட்டிகளுக்கும்.

அண்ணி வீட்டில் இப்போது இரண்டு டிஸ்க். வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒன்று செங்காங்கில் அலமாரியில், மற்றது ஈசூனில் என் வீட்டில். தொலைபேசிப் படங்கள் தனியாக இணையச் சேமிப்பிலும் ஏறிவிடுகின்றன. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு போவேன். இரண்டையும் ஒப்பிட்டு, புதியவற்றைச் சேர்த்து, ஏதாவது பத்துக் கோப்பைத் திறந்து பார்ப்போம். அந்தப் பத்தில் அப்பாவின் வீடியோ எப்போதும் உண்டு. முடிந்ததும் இஜெக்ட் அழுத்துவது அண்ணியின் வேலை. விளக்கு அணையும்வரை வயரில் கை வைக்க அவர் யாரையும் விடுவதில்லை.